இரண்டு தாய் உள்ள வாடிக்கையாளர்

நீங்கள் இந்த வேலைக்குப் புதிது. வட்டி வீதம், தவணை, தாமதக் கட்டணம் எல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். கடனட்டை வைத்திருப்பவர் எதற்காக ஆத்திரப்படுவார் என்பதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். வட்டிக்காக அவர் ஆத்திரப்படுவதில்லை. அதைத் தலைவிதி என்று ஏற்றுக்கொண்டு பல காலமாகிவிட்டது. வருடாந்தக் கட்டணத்துக்கு முணுமுணுப்பார், பிறகு கட்டிவிடுவார். ஆனால் அவருடைய வெகுமதிப் புள்ளிகளில் கொஞ்சம் குறைந்தால், கொட்டும் மழையில் குடையில்லாமல் கிளைக்கு வந்து நிற்பார்.

புள்ளிகளை நாங்கள் சும்மா கொடுக்கிறோம் என்று வங்கி நினைக்கிறது. தான் உழைத்துச் சேர்த்தவை என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். இந்த இரண்டு நினைப்புகளுக்கும் நடுவில்தான் உங்கள் கதிரை போடப்பட்டிருக்கிறது.

எங்கள் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து சாப்பிடப் போனால், பில் வந்ததும் மூன்று கடனட்டைகள் ஒரே நேரத்தில் வெளியே வரும். வெளியூர்க்காரர் அதைத் தாராள மனம் என்று எண்ணுவார். "காசை என்னட்டைத் தாங்கோ, நான் கார்ட்டில போடுறன்" என்ற அடுத்த வசனத்தைக் கேட்டால் தெளிவார். ஒரு மருத்துவரை எனக்குத் தெரியும். மைத்துனர் வீடு கட்டினார். ஓடு, சீமெந்து, குளியலறைக் குழாய் வரை மருத்துவரின் அட்டையில் வாங்கினார்கள். மைத்துனர் காசாகத் திருப்பிக் கொடுத்தார். வீடு ஒருவருக்கு, புள்ளி மற்றவருக்கு. இருவரும் மற்றவரை ஏமாளி என்று நினைத்துக்கொண்டு கடைசிவரை ஒற்றுமையாக இருந்தார்கள்.

நான் ஓய்வுபெற்றபோது ஒரு கேடயம் தந்தார்கள். அதில் எழுதியிருப்பதை யாரோ தலைமையகத்தில் எல்லோருக்கும் பொதுவாக எழுதி வைத்திருக்கிறார்கள். நான் பெருமைப்படுவது அந்தக் கேடயத்தில் இல்லாத ஒரு பிற்பகலுக்காக. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். வேறு எதையும் மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

அதற்கு முன் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு முதலில் வாய்த்த முகாமையாளர் மூதூர்க்காரர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். தீர்மானம் எடுக்கக் கடினமான விடயம் வந்தால் அவர் தன் அறையை விட்டு வெளியே வந்து, காத்திருக்கும் வாடிக்கையாளர்களின் கதிரை வரிசையில் போய் உட்கார்ந்து பேப்பர் வாசிப்பார். வேலைக்குக் கள்ளம் செய்கிறார் என்றே நான் நம்பினேன். ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன்.

"மேசைக்கு முன்னுக்கு வாறவன் வங்கிக்கு ஏத்த கதையோடதான் வருவான்," என்றார். "பின்னுக்குக் காத்திருக்கேக்கதான் தன்ர கதையைக் கதைப்பான். நீ எந்தக் கதைக்குக் கையெழுத்து வைக்கப்போறாய்?"

இனி அந்தப் பிற்பகல்.

அப்போது நான் துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருந்த எங்கள் கிளையில் இரண்டாவது அதிகாரி. முகாமையாளர் கூட்டமொன்றுக்காகக் கொழும்புக்குப் போயிருந்தார். அதாவது கிளையில் எது பிழையாகப் போனாலும் என் தலையில். சாப்பாட்டு நேரம் முடிந்து வந்தேன். வாசலில் வழக்கம்போல, எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுகளைப்போலத் திரியும் மான்களில் ஒன்று நின்று யாரோ எறிந்த வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது. உள்ளே ரிபாஸின் மேசைக்கு முன்னால் தவராசா நின்றுகொண்டிருந்தார். ரிபாஸ் கிண்ணியாப் பெடியன், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, கெட்டிக்காரன், அவசரக்காரன்.

தவராசா துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, மரக்கறி, வெங்காயம், குடிதண்ணீர் கொடுக்கும் ஒப்பந்தக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரு சின்ன லொறியும் எங்கள் வங்கியின் கடனட்டையும்தான் அவருடைய தொழில். சாமான் எல்லாவற்றையும் அட்டையில் வாங்குவார், தவணைக்கு முதல் முழுவதையும் கட்டிவிடுவார். வங்கிக்கு ஒரு சதம் வட்டி வராது, அவருக்குப் புள்ளி குவியும். இப்படிப்பட்டவர்களை வங்கி வெளியே பாராட்டும், உள்ளே வெறுக்கும்.

சில வருடங்களாகச் சேர்த்த அந்தப் புள்ளிகளைக் கொடுத்து அவர் ஒரு விமானச் சீட்டு கேட்டிருந்தார். திரியாயில் இருக்கும் அவருடைய அக்கா பாக்கியத்துக்குக் கனடா போகவேண்டும். பாக்கியத்தின் ஒரே மகளுக்கு அடுத்த வாரம் அங்கே கலியாணம். விசா கிடைத்துவிட்டது. வங்கியின் அனுமதி வந்தால் சீட்டு. இருக்கையை அன்று மாலை ஐந்து மணி வரைக்கும்தான் பிடித்து வைத்திருந்தார்கள். கலியாணக் காலம், அதை விட்டால் வேறு இருக்கை இல்லை. அன்று காலை அட்டையும் முடங்கியது, புள்ளியும் முடங்கியது.

"என்ன நடந்தது?" என்று ரிபாஸைக் கேட்டேன்.

"சேர், ஆளுக்கு ரெண்டு அம்மா."

"ஒழுங்காச் சொல்லு."

ஒழுங்காகச் சொன்னான். புள்ளியில் எடுக்கும் சீட்டு நெருங்கிய குடும்பத்தினருக்கு மட்டும்தான். சிலர் தங்கள் புள்ளிகளைத் தெரியாதவர்களுக்கு விற்றுக் காசாக்குகிறார்கள் என்பதால் வந்த விதி அது, நியாயமான விதி. தவராசா தொலைபேசியில் சீட்டுக் கேட்டபோது, எங்கள் அழைப்பு நிலையத்துப் பிள்ளை, "பயணம் செய்யிறவ உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டிருக்கிறாள். இவர், "அம்மா எண்டு போடுங்கோ பிள்ளை" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளையும் அம்மா என்று போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு கணினி தன் வேலையைச் செய்தது. அட்டைக்கு விண்ணப்பித்தபோது பாதுகாப்புக் கேள்விக்காகத் தவராசா கொடுத்திருந்த தாயின் பெயர் ஒன்று. சீட்டுக்காகக் கொடுத்த கடவுச்சீட்டில் இருந்த பெயர் வேறொன்று. ஒருவருக்கு இரண்டு தாய் இருக்க முடியாது என்பது கணினிக்குத் தெரியும். புள்ளி விற்பனை என்று சந்தேகித்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டது.

"அக்காவை ஏன் அம்மா எண்டு சொன்னீங்கள்?" என்று தவராசாவைக் கேட்டேன். "அக்கா எண்டாலும் சீட்டு தந்திருப்பாங்களே. சகோதரமும் குடும்பம்தான்."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "எனக்கு அவ அம்மாதானே சேர். அம்மா செத்தபிறகு அவதான் என்னை வளர்த்தது. அந்தப் பிள்ளை கேட்டதுக்கு உண்மையைத்தான் சொன்னனான்."

பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இருந்திருக்கவில்லை. நம் ஊரில் வளர்த்தவளை அம்மா என்று சொல்வதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. கணினிக்குத்தான் விளக்கம் வேண்டியிருந்தது.

கொழும்பில், மோசடிகளைக் கவனிக்கும் எங்கள் இடர் முகாமைத்துவப் பிரிவுக்கு அழைத்தேன். பேசியவர் ஒரு தமிழ்ப் பெண் அதிகாரி. மரியாதையான குரல், அசையாத குரல்.

"சேர், ரெக்கோடிங்கை நான் கேட்டனான். தெளிவா அம்மா எண்டு சொல்லுறார். இப்ப அக்கா எண்டு சொல்லுறார். நாளைக்குச் சின்னம்மா எண்டு சொல்லுவார். எங்களுக்கு ரெண்டு பேரின்ர பிறப்பத்தாட்சிப் பத்திரமும் வேணும்."

தவராசாவிடம் கேட்டேன். சண்டைக் காலத்தில் ஊரை விட்டு ஓடியபோது பத்திரங்களும் வீட்டோடு போய்விட்டன. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், பிரதி எடுக்கலாம்; எவ்வளவு ஓடினாலும் நாளைக்குத்தான். ஐந்து மணிக்கு இருக்கை போய்விடும்.

இந்த இடத்தில்தான் ரிபாஸ் என்னைத் தனியே கூப்பிட்டான். அவன் சொன்னதைக் கவனமாகக் கேளுங்கள். நாளைக்கு நீங்களும் அதைச் சொல்வீர்கள்.

"சேர், ஒரு வழி இருக்கு. பாதுகாப்புக் கேள்வியின்ர விடையை மாத்துறதுக்கு எங்களுக்கு அதிகாரம் இருக்குத்தானே. அம்மாவின்ர பேரைப் பிழையாக் குடுத்திட்டன் எண்டு அவரிட்ட ஒரு கடிதம் வாங்குவம். அந்த இடத்தில அக்காவின்ர பேரைப் போட்டால் ரெண்டும் ஒத்துவரும். சிஸ்டம் தானாத் திறந்திடும். ரெண்டு நிமிச வேலை."

உண்மை. இரண்டு நிமிட வேலைதான். எந்த நடைமுறையையும் மீறத் தேவையில்லை. பொய்க் கடிதம் எழுதியவர் வாடிக்கையாளர், நாங்கள் அதன்படி நடந்தவர்கள் என்று சுத்தமாக இருக்கலாம்.

"அவரிட்டச் சொன்னனியோ?"

"சொன்னனான் சேர்."

"என்ன சொன்னவர்?"

"'அப்ப என்ர அம்மா?' எண்டு கேட்டவர்."

அவனிடம் சொன்னேன்: "இதைச் செய்தால் இண்டைக்குப் பூட்டுத் திறக்கும். ஆறு மாசம் கழிச்சுக் கணக்காய்வாளர் வருவான். சந்தேகம் வந்த அண்டைக்கே தாயின்ர பேரை மாத்தி, அதே பேரில சீட்டும் எடுத்திருக்கிறான் எண்டு பார்ப்பான். அதுக்குப் பேர் புள்ளி விற்பனைதான். செய்யாத களவுக்கு நாங்களே அவருக்குக் கைவிலங்கு செய்து குடுக்கிறம்."

"அப்ப என்ன செய்யிறது சேர்?"

எனக்கும் தெரியவில்லை. தவராசா சொல்வதை நம்பி நான் உறுதிப்படுத்தலாம். நேரில் கண்டு அடையாளம் உறுதிசெய்யும் அதிகாரம் கிளை அதிகாரிக்கு உண்டு. அதை உறவை உறுதிசெய்ய யாரும் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்தக் கூடாது என்றும் யாரும் எழுதவில்லை. ஆனால் தவராசா உண்மையிலேயே புள்ளியை விற்றிருந்தால்? எத்தனையோ வருடங்களாகத் தெரிந்த நல்ல மனிதர்கள் நல்ல முகத்தோடு செய்யும் காரியங்களை நான் பார்த்திருக்கிறேன். நம்பிக்கை என்பது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூக்கம் மாதிரி, சுகமாகத்தான் இருக்கும். அது பிழையாகிப்போனால் ஓய்வுக்கு முந்திய என் கடைசி வருடங்கள் விசாரணை அறையில் கழியும்.

மூதூர்க்காரர் நினைவுக்கு வந்தார். என் மேசையை விட்டு எழுந்து, பேப்பரை எடுத்துக்கொண்டு, காத்திருப்போர் கதிரை வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

எனக்கு முன்வரிசையில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மடியில் ஒரு பை. தவராசா வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்து, தணிந்த குரலில் விடயத்தைச் சொன்னார். அந்தப் பெண் பதில் சொன்ன குரல் தணிந்திருக்கவில்லை.

"புள்ளி இல்லையெண்டால் நான் போகேல்ல. எழும்பு, திரியாய் பஸ் போகப்போகுது."

"அக்கா, கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இரு."

"சும்மா கிடைக்குது, ஒரு சதமும் செலவில்லை எண்டு நீ சொன்னபடியால்தான் வெளிக்கிட்டனான். மகள் காசு அனுப்புறன் எண்டதுக்கே வேண்டாம் எண்டிட்டன்."

"நான் லொறியை வித்தாவது அனுப்புறன்."

"லொறியை வித்து? பிறகு கப்பலுக்கு வெங்காய மூட்டையைத் தலையிலயோ சுமக்கப்போறாய்?"

"அது என்ர விசயம்."

"உன்ர விசயம். ஏழாம் வகுப்பில கணக்குக்குப் பன்ரெண்டு மாக்ஸ் எடுத்தவர் எனக்குக் கணக்குக் காட்டுறார்."

"இப்ப எதுக்கு அந்தக் கதை? ஆக்கள் இருக்கினம்."

"இருக்கட்டும். அந்த ரிப்போட்டில தகப்பன் தாய் கையெழுத்து வைக்கிற இடத்தில ஆர் வைச்சது? நான். வாத்தியாரிட்ட ஏச்சு வாங்கினது ஆர்? நான். அண்டைக்கும் இப்பிடித்தான் நிண்டனி, 'அது என்ர விசயம்' எண்டு."

"நீ எழுதத் தெரியாமல் கோணலாக் கையெழுத்து வைச்சபடியால்தான் வாத்தியார் ஏசினவர்."

"எழுதத் தெரியாதோ? உனக்கு அ எழுதப் பழக்கினது ஆர்?"

நான் பேப்பரை மடித்தேன். முப்பது வருடங்களுக்கு மேல் வங்கி மேசையில் இருந்தவன். ஆள்மாறாட்டக்காரர்களைக் கண்டிருக்கிறேன், அவர்கள் ஒருவரோடொருவர் மிகவும் மரியாதையாக நடந்துகொள்வார்கள். இப்படி ஒரு சண்டையை யாரும் வாடகைக்கு எடுக்க முடியாது.

ஆனாலும் ஒரு சண்டையைக் கேட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தேன் என்று விசாரணையில் சொல்ல முடியாது. தவராசாவை அடையாள அட்டைப் பிரதி எடுக்கவென்று ரிபாஸோடு உள்ளே அனுப்பினேன். பாக்கியத்தை என் மேசைக்குக் கூப்பிட்டு, பாதுகாப்புக் கேள்வியின் பக்கத்தை எனக்கு மட்டும் தெரியும்படி திறந்தேன்.

"உங்கட அம்மாவின்ர பேர் என்ன?"

"அவ போய்ச்சேர்ந்து எவ்வளவோ காலம். இப்ப எதுக்கு ஐயா?"

"வங்கிக்குத் தேவைப்படுது."

"ஊரில கண்மணி எண்டால்தான் தெரியும். பதிவில நாகம்மா." கொஞ்சம் யோசித்தார். "தம்பி நாகம்மா எண்டு எழுதாமல் கண்மணி எண்டு எழுதிப்போட்டானோ? அதுதானோ பிரச்சினை?"

"இல்லை. சரியாத்தான் எழுதியிருக்கிறார்."

"எழுதுவான். நான்தான் சொல்லிக்குடுத்தனான். பள்ளிக்கூடத்தில அம்மாவின்ர பேர் கேட்டால் நாகம்மா எண்டு சொல்லு, என்ர பேரைச் சொல்லிப்போடாதை எண்டு. அவனுக்கு அவவின்ர முகமே ஞாபகமில்லை ஐயா. பேரையாவது வைச்சிருக்கட்டும் எண்டு."

திரையில் இருந்தது அந்தப் பெயர்தான். எங்கள் வங்கி கோடிக்கணக்கில் செலவுசெய்து வைத்திருக்கும் பாதுகாப்பின் முதல் விடையை, ஒரு சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் எனக்கு முன்னால் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். அவரைத்தான் யாரோ என்று எங்கள் கணினி பூட்டி வைத்திருந்தது.

மறுபடி கொழும்புக்கு அழைத்தேன். மணி நாலரையாகியிருந்தது.

"கிளை உறுதிப்படுத்தல் தாறன்," என்றேன்.

"அது அடையாளத்துக்கு மட்டும்தானே சேர்?"

"அடையாளத்துக்கு மட்டும் எண்டு எங்க இருக்கு?"

அவர் தேடினார். விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. இல்லையென்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியவரட்டும் என்று காத்திருந்தேன்.

"சரி சேர். என்ன அடிப்படையில உறுதிப்படுத்துறீங்கள்?"

"திரையைக் காட்டாமல் கேட்டனான், அவ தாயின்ர பேரை ரெண்டு விதமாச் சொன்னவ, ஒண்டு திரையில இருக்கிற பேர். அதுக்கு முதல் ரெண்டு பேரும் சண்டை பிடிச்சதை நேரில இருந்து கேட்டனான்."

"சண்டையோ?"

"உங்களுக்கு அண்ணன் தம்பி இருக்கினமோ?"

"ஒரு அண்ணா இருக்கிறார்."

"நீங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிக்கிறதை நான் ஒருக்கால் கேட்டால், பிறகு உங்களிட்டப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் கேட்பனோ?"

அந்த அசையாத குரல் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். ஆனால் அவர் நல்ல அதிகாரி, சிரிப்பு முடிந்ததும், "பிழைச்சால் ஆர் பொறுப்பு சேர்?" என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்வி. அதைக் கேட்காதவரை நான் மதித்திருக்க மாட்டேன்.

"எழுதிக்கொள்ளுங்கோ. இருவரையும் நேரில் கண்டு விசாரித்தேன். உடன்பிறந்தவர்கள். பொறுப்பு என்னுடையது. கீழ என்ர பேரைப் போடுங்கோ. பதவியைப் போடவேண்டாம், பேரைப் போடுங்கோ."

பூட்டுத் திறந்தது. ஐந்து மணிக்கு முன் சீட்டு வந்தது. ரிபாஸ் அதை அச்செடுத்துத் தவராசாவிடம் கொடுத்தான். அவர் அதை அக்காவிடம் கொடுத்தார். பாக்கியம் அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, "விலை ஒண்டும் போடேல்லத்தானே?" என்று கேட்டார். போடவில்லை. அதன் பிறகுதான் பைக்குள் வைத்தார்.

கலியாணம் முடிந்து வந்ததும் பாக்கியம் கிளைக்கு வந்தார். ஒரு பை நிறையக் கனடாச் சொக்லேட். விமானத்தில் தந்த சோற்றைப் பற்றி நீண்ட முறைப்பாடு ஒன்றும் கொண்டுவந்தார். அது எங்கள் வங்கியின் பொறுப்பு என்ற முடிவில் இருந்தார். கடைசியில், "இனிப் புள்ளி சேர்ந்தால் தம்பிக்கு எடுத்துக்குடுங்கோ. அவன் ஒருக்காலும் பிளேனில ஏறேல்ல," என்றார். பக்கத்தில் நின்ற தவராசா, "அது என்ர விசயம்" என்று தொடங்கினார். நான் என் மேசைக்குப் போய்விட்டேன்.

இப்போது நீங்கள் கையாளும் திரையில், குடும்ப உறவு என்ற பகுதிக்குக் கீழே "கிளை அதிகாரி நேரில் உறுதிப்படுத்தினார்" என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. நீங்கள் தலை நிமிராமல் அதில் சரி போடுவதை, கிளைக்கு வரும்போது நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டி அந்தப் பிற்பகலுக்குப் பிறகு வந்தது. அதைச் சேர்க்கச் சொல்லித் தலைமையகத்துக்கு எழுதியவர் கொழும்பில் இருந்த அந்தப் பெண் அதிகாரி. சுற்றறிக்கையில் என் பெயர் இல்லை. இருந்திருந்தால் கேடயத்தைப் போல அதுவும் தூசி பிடித்திருக்கும். பெட்டி தினமும் வேலை செய்கிறது. ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. சில மாதங்கள் கழித்து, நான் சொன்னபடியே, கணக்காய்வாளரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. உறுதிப்படுத்தல் குறிப்பில் உடன்பிறந்தவர் என்று இருக்கிறது. உறவு என்ற பகுதியில் இன்னும் தாய் என்றே இருக்கிறது. திருத்தவும்.

தவராசாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். விடயத்தைச் சொன்னேன். துறைமுகத்தில் நின்றிருக்கவேண்டும், பின்னால் ஒரு கப்பல் ஊதியது.

"திருத்தாட்டி உங்களுக்கு ஏதும் கரைச்சலோ சேர்?"

"எனக்கு ஒண்டுமில்லை."

"அப்ப இருக்கட்டும் சேர்."

கணக்காய்வாளருக்கு ஒரே வரியில் பதில் எழுதினேன். எல்லா நடைமுறையும் தெரிந்தவன் என்று என்னைப் பகிடி பண்ணுவார்கள். அந்தப் பெயர் எனக்கு ஒரேயொரு முறை உதவியது. பயணம் நிறைவடைந்த பதிவொன்றைத் திருத்துவதற்கு வங்கியில் நடைமுறை எதுவும் இல்லை என்று எழுதினேன். அவரும் தேடிப் பார்த்திருப்பார். பதில் வரவில்லை. அந்தப் பதிவில் இன்றைக்கும் தவராசாவுக்கு இரண்டு தாய்.